மீட்டர் பார்த்து கார்புரேட்டர் டியூன் செய்வது எப்படி: ஒரு பழைய பத்மினியை வைத்துக் கற்றது

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) உள்ள வண்டிக்கு டியூனிங் என்றால் நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. மெக்கானிக் பானெட்டைத் திறப்பார். ஸ்க்ரூ டிரைவரால் அரைச்சுற்று உள்ளே, கால்சுற்று வெளியே என்று திருப்புவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "இப்போ பாருங்க சார்" என்பார். பாதி நேரம் உண்மையிலேயே சரியாகத்தான் இருக்கும். நல்ல காது உள்ள மெக்கானிக்குகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காதுக்கு எட்டுவது ஐட்லிங் மட்டும்தான். வண்டி 60-ல் போகும்போதும், மலையில் மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் உள்ளே என்ன எரிகிறது என்று பானெட் முன்னால் நின்று யாராலும் கேட்க முடியாது.

அந்த இடைவெளியை ஆக்ஸிஜன் சென்சார் நிரப்பும். சேலத்தில் என் மாமாவின் பிரீமியர் பத்மினியில் இதைச் செய்து பார்த்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். 1089 சிசி, நான்கு சிலிண்டர், சோலெக்ஸ் கார்புரேட்டர். அம்பாசடரோ பழைய மாருதி 800-ஓ வைத்திருந்தாலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றது தானாக வரும். சைலன்சர் குழாயில் செருகியிருக்கும் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜன்தான் தெரியும். மிச்சம் நிறைய இருந்தால் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று சொல்லும். மிச்சமே இல்லை, எரிய வேண்டியது பாக்கி இருக்கிறது என்றால் 'ரிச்' (பெட்ரோல் அதிகம்) என்று சொல்லும். அந்த ஆக்ஸிஜன் எப்படி அங்கே வந்தது என்று அதற்குக் கவலை இல்லை. எஞ்சினுக்குள் எரியாமல் வந்ததோ, குழாயில் ஓட்டை வழியாக வெளியிலிருந்து நுழைந்ததோ, அதற்கு இரண்டும் ஒன்றுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கணக்கு எளிது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை, தேவையான காற்றால் வகுத்து வரும் எண்தான் லாம்டா; அந்த விகிதத்தில் இருந்தால் லாம்டா 1. அதற்குக் கீழே போனால் ரிச், மேலே போனால் லீன்.

சென்சாரில் இரண்டு வகை. பாஷ் நிறுவனம் 1976-ல் தயாரிக்க ஆரம்பித்த முதல் வகை 'நேரோபேண்ட்'. இன்றும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருப்பது இதன் வாரிசுதான். ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கம். லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் 0.45 வோல்டைச் சட்டென்று கடந்து குதிக்கும். இது பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லும் வாத்தியார், மார்க் சொல்லாது. இசியு (பெட்ரோல் அளவைத் தானே திருத்தும் எஞ்சின் கணினி) உள்ள வண்டிக்கு அது போதும். நமக்குப் போதாது. முழு ஆக்ஸிலேட்டரில் விகிதம் 12.8 வேண்டுமா, 11.5-ல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கிறோமா என்பதை அதை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் 0.8, 0.9 என்றுதான் காட்டும்.

நமக்கு வேண்டியது 'வைட்பேண்ட்'. பாஷ் எல்எஸ்யூ 4.9 அல்லது பழைய 4.2. இந்தச் சென்சார் தனியாக வேலை செய்யாது. அதன் ஹீட்டரையும் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் பம்பையும் நடத்த ஒரு கண்ட்ரோலர் வேண்டும். மீட்டரோடு சேர்த்து செட்டாகவே கிடைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய சென்சாரைக் குறைந்த விலைக்கு வாங்காதீர்கள். எத்தனை வருடம் எண்ணெய்ப் புகையில் குளித்தது என்று தெரியாது. தவறான மீட்டர் வைத்து டியூன் செய்வதைவிட அந்தப் பழைய காதே தேவலை.

குழாயில் கை வைக்கும் முன்

எஞ்சின் சரியில்லாமல் மிக்ஸ்சரை, அதாவது காற்று-பெட்ரோல் கலவையை, சரி செய்ய முடியாது. டாப்பெட் கிளியரன்ஸ், பாயிண்ட் கேப், டைமிங், பிளக், ஏர் ஃபில்டர், இவற்றை முதலில் முடியுங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். கார்புரேட்டரின் மிதவை மட்டம் சரியாக இருக்கிறதா, மூடியில் ஊசி வால்வு ஒழுகுகிறதா என்று பாருங்கள். மிதவை மட்டம் தவறாக இருந்தால் எந்த ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) மாற்றினாலும் எண் பிடிபடாது.

கார்புரேட்டர் மேனிஃபோல்டில் உட்காரும் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே ஓட்டை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதை அடிப்பதை நான் விரும்புவதில்லை, பற்றிக்கொள்ளும்.

அடுத்து எக்சாஸ்ட். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலிருந்து சென்சார் உட்காரும் இடம் வரை எங்கேயும் ஓட்டை இருக்கக் கூடாது. குழாய் ஆறியிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைத் துணியால் லேசாக மூடி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் குமிழி காட்டிக் கொடுக்கும். புகை அழுத்தத்தால் வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று என் மாமா கேட்டார். எக்சாஸ்ட் ஒரே சீராக ஓடுவதில்லை, துடித்துத் துடித்து ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஒரு கணம் உறிஞ்சும். அந்தக் கணத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று நுழைந்துவிடும். மீட்டர் லீன் என்று கத்தும். நீங்கள் பெரிய ஜெட் போடுவீர்கள். வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும்.

பங் வெல்டிங்

சென்சாரை முடுக்குவதற்குக் குழாயில் ஒரு மரை போட்ட வளையம் வெல்டிங் செய்ய வேண்டும். 'பங்' என்று கேட்டால் கிடைக்கும். லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாலும் சரி. மரை அளவு எம்18, பிட்ச் 1.5.

இடம்தான் முக்கியம். நான்கு சிலிண்டரின் புகையும் ஒன்று சேர்ந்த பிறகு, சைலன்சர் டப்பாவுக்கு முன்னால். எஞ்சினுக்கு மிக அருகில் வைத்தால் சென்சார் அதிகம் சூடாகும், தள்ளி வைத்தால் பதில் தாமதமாகும். ஏறக்குறைய இரண்டடி தள்ளி என்பது நல்ல இடம். அப்புறம் கோணம். குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே சென்சார் வர வேண்டும். பக்கவாட்டில் அல்லது கீழே வைத்தால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் சேரும் தண்ணீர் சென்சாருக்குள் இறங்கும். உள்ளே இருப்பது எழுநூறு டிகிரிக்கு மேல் சூடான பீங்கான். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறும். பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

நாங்கள் போன வெல்டிங் பட்டறையில் அவர் முதலில் குழாயின் அடியில் வைக்கத்தான் பார்த்தார். "அங்கேதான் கை நல்லா போகும் சார்." கை போகும், சென்சார் போய்விடும் என்று சொல்லிக் குழாயையே கழற்றிக் கொடுத்தோம். மேல் பக்கமாகச் சாய்த்து, காரின் தரைத் தகட்டில் ஒயர் இடிக்காதபடி முதலில் ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சொன்னோம். குழாயை வண்டியில் மாட்டிப் பார்த்து, சரி என்றதும் முழு வெல்டிங். வெல்டிங் செய்யும்போது பங்கில் ஒரு பழைய போல்ட்டை முடுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் மரை கோணிவிடும். குழாயைக் கழற்றாமல் வண்டியிலேயே வெல்டிங் செய்வதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். சென்சாரை வைத்துக்கொண்டு மட்டும் வெல்டிங் செய்யவே கூடாது.

மின் இணைப்பு

கண்ட்ரோலருக்கு இக்னிஷன் போட்ட பிறகு வரும் 12 வோல்ட், நடுவில் ஒரு ஃபியூஸ், ரிலே வழியாகக் கொடுத்தால் உத்தமம். காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்து திருடாதீர்கள். எர்த்தை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இடத்தில் போடுங்கள். ஹீட்டர் தொடக்கத்தில் சில ஆம்பியர் இழுக்கும். டைனமோ உள்ள பழைய வண்டி என்றால் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. மணிக்கணக்கில் நிறுத்தி வைத்து டியூன் செய்தால் மாலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். எங்களுக்கு அது நடந்தது.

சில செட்களுக்கு, முக்கியமாக 4.2 சென்சார் உள்ளவற்றுக்கு, திறந்த காற்றில் அளவு திருத்தம் செய்ய வேண்டும். சென்சாரைக் குழாயில் மாட்டாமல் வெளியே தொங்கவிட்டு, ஹீட்டரைச் சூடாக்கி, காற்றில் உள்ள 20.9 சதவீத ஆக்ஸிஜனை அதற்கு அறிமுகம் செய்து வைப்பது. பெட்ரோல் வாடையும் வண்டிப் புகையும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிறகு மரையில் மட்டும் கொஞ்சம் சூடு தாங்கும் கிரீஸ் தடவி, சென்சாரின் நுனியில் படாமல் முடுக்கவும்.

ஐட்லிங்

எஞ்சின் முழுக்கச் சூடாகட்டும். சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

சோலெக்ஸின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முடுக்கி, தட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி முடுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும். இந்த ஸ்க்ரூவை நம் மெக்கானிக்குகள் 'ஏர் ஸ்க்ரூ' என்றே சொல்வார்கள். பைக்கில் டியூனிங் பழகியவர்கள் இங்கே குழம்பிப் போவார்கள். பைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் அந்த ஸ்க்ரூ காற்றை அளக்கிறது, உள்ளே போனால் ரிச். சோலெக்ஸில் அது பெட்ரோல் கலந்த காற்றை அளக்கிறது, உள்ளே போனால் லீன். தலைகீழ்.

கால்சுற்று திருப்பி, பத்து இருபது விநாடி காத்திருந்து மீட்டரைப் பாருங்கள். ஐட்லிங்கில் புகை குறைவு, எண் நிதானமாகத்தான் நகரும். 13.2-க்கும் 13.8-க்கும் இடையில் எஞ்சின் சீராக நிற்கும். ஸ்க்ரூவைத் திருப்ப ஆர்பிஎம் மாறும், அதை த்ராட்டில் ஸ்க்ரூவால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். 12.5-ல் எஞ்சின் இன்னும் மெத்தென்று ஓடுகிறதே என்று ஆசைப்படாதீர்கள். பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்குப் போகும்போது கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டி நிற்கும்.

மீட்டர் 16, 17 என்று காட்டுகிறது, ஆனால் வெளியே பெட்ரோல் வாடை வீசுகிறது என்றால் என்ன அர்த்தம்? ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். எரியாத சிலிண்டர் தன் பங்குப் பெட்ரோலையும் தன் பங்கு ஆக்ஸிஜனையும் அப்படியே வெளியே தள்ளும். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன்தான் தெரியும் என்று சொன்னேனே. லீன் என்று சொல்லிவிடும். மாமா வண்டியில் முதல் நாள் இதுதான் நடந்தது. அரைமணி நேரம் ஸ்க்ரூவோடு போராடிவிட்டு, கடைசியில் மூன்றாவது பிளக் ஒயர் உள்ளே அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தோம். மூக்கையும் மீட்டரையும் சேர்த்து நம்புங்கள்.

ரோட்டில்

ஓட்டுபவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வேகம், கியர், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு, மீட்டர் எண் என்று நோட்டில் எழுத வேண்டும். கண்ட்ரோலரிலிருந்து ஃபோனுக்குப் பதிவு செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. காலை ஐந்தரை மணிக்கு, காலியான ரோட்டில் போங்கள்.

சமதளத்தில் நான்காவது கியரில் 50, 60, 70 என்று சீராக ஓட்டுங்கள். 14.5 முதல் 15 வரை வந்தால் மகிழ்ச்சி. 15.5-ஐத் தாண்டி, வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல் இழுத்தால் லீன் அதிகம். குறைந்த வேகத்தில் ஐட்லிங் ஜெட்டும், வேகம் ஏற ஏற மெயின் ஜெட்டும் பொறுப்பு. ஆகவே 40-ல் மட்டும் லீன், 70-ல் சரி என்றால் மெயின் ஜெட்டைத் தொட வேண்டாம்.

முழு ஆக்ஸிலேட்டருக்கு ஏற்றம்தான் சிறந்தது. வேகம் அதிகம் ஏறாமல் எஞ்சின் சுமையோடு ஓடும். இங்கே 12.5-க்கும் 13-க்கும் இடையே வேண்டும். 14-க்கு மேல் காட்டி, கூடவே டக் டக் என்று நாக்கிங் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள். பிஸ்டனும் வால்வும் சூட்டில் கெடும் இடம் அது.

ஜெட் மாற்றக் கணக்கு இருக்கிறது. சோலெக்ஸ் ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பெட்ரோல் ஓட்டம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மீட்டர் 14.0 காட்டுகிறது, வேண்டியது 12.8 என்றால் 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல். விட்டத்தில் அதில் பாதி, நான்கரை சதவீதம். அதாவது 120-க்குப் பதில் 125. இரண்டு சைஸ் தாண்டி ஒரேயடியாகக் குதிக்க வேண்டாம். பழைய ஜெட்டை ஊசியாலோ கம்பியாலோ பெரிதாக்குவது பட்டறைகளில் நடக்கும் வேலை. அது வட்டமாகவும் இருக்காது, எவ்வளவு பெரிதாயிற்று என்றும் தெரியாது. ஜெட் கழற்றும்போது பெட்ரோல் கொட்டும். எஞ்சின் ஆறட்டும், பேட்டரி ஒயர் கழன்றிருக்கட்டும்.

ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்ததும் மீட்டர் ஒரு கணம் 18-க்கு ஓடித் திரும்புகிறதா? வண்டி ஒரு தயக்கம் காட்டிப் பிறகு பாய்கிறதா? அது ஜெட் அல்ல, ஆக்ஸிலேட்டர் பம்ப். டயஃப்ரம் காய்ந்து போயிருக்கும். காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்போது மீட்டர் காட்டுவதை அப்படியே விட்டுவிடுங்கள், அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெட்டையும் டைமிங்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடியவன் நான்.

இப்போதைய பெட்ரோலும் மலையும்

இன்று பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்குக் கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். ஆகவே இ20 முழுமையாக எரிய வேண்டிய விகிதம் 14.7 அல்ல, ஏறக்குறைய 13.5. கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய ஜெட் வழியாகப் பழைய அளவே விடும். விளைவு, எதையும் தொடாமலே வண்டி 8 சதவீதம் அளவுக்கு லீன் ஆகிவிட்டது. முன்பு நன்றாக ஓடிய பழைய வண்டி இப்போது இழுத்து இழுத்து ஓடுகிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் மேலே நான் சொன்ன எண்கள் தப்பா? இல்லை. மீட்டர் உண்மையில் அளப்பது லாம்டாவை. அதை 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது. எந்தப் பெட்ரோல் போட்டாலும் லாம்டா 1 என்றால் 14.7 என்றே காட்டும். எனவே அதே திரை எண்களை வைத்தே டியூன் செய்யலாம். குழப்பம் வேண்டாம் என்றால் மீட்டரை லாம்டாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: ஐட்லிங் 0.90 முதல் 0.94, சீரான ஓட்டம் 1-ஐ ஒட்டி, முழு ஆக்ஸிலேட்டர் 0.85 முதல் 0.88. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் இந்த நேரத்திலேயே ஆகட்டும்.

மலைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் சுமார் 1200 மீட்டர் உயரம் கூடுகிறது, காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கணக்குப்படி கார்புரேட்டர் 6 சதவீதம் ரிச் ஆக வேண்டும். கீழே 13.5 காட்டிய ஐட்லிங் ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தபோது 12.7 காட்டியது. அங்கேயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார் மாமா. கையைப் பிடித்துத் தடுத்தேன். மேலே சரி செய்தால் கீழே இறங்கியதும் லீன் ஆகிவிடும். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே டியூன் செய்யுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள்

உங்களுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. இசியு தானே செய்கிறது. ஓபிடி சாக்கெட்டில் (இசியு தரும் தகவலைப் படிக்கும் இடம்) ஒரு சின்ன ரீடரை மாட்டி, ஃபோனில் 'ஃப்யூவல் ட்ரிம்' (இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். நீண்டகால ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கூட்டல் பத்து சதவீதத்தைத் தாண்டினால் இசியு லீனைச் சமாளிக்கக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்று பொருள். காற்று ஓட்டை, பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர் என்று தேடுங்கள். சென்சாரை மாற்றுவது கடைசி வேலை. முதலில் சென்சாரை மாற்றச் சொல்லும் கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

சென்சாரைக் காப்பாற்றுவது

கண்ட்ரோலருக்கு மின்சாரம் இல்லாமல், சென்சாரைக் குழாயில் விட்டு வண்டி ஓட்டாதீர்கள். சூடாகாத சென்சாரில் கரி படிந்து சில நாளிலேயே செத்துவிடும். எஞ்சினில் சிலிக்கான் கேஸ்கெட் பசை போடுவதாக இருந்தால் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எண்ணெய் குடிக்கும் எஞ்சினிலும் இது நெடுநாள் தாங்காது.

அதனால் பழைய வண்டியில் நாங்கள் சென்சாரை நிரந்தரமாக வைக்கவில்லை. டியூனிங் முடிந்ததும் கழற்றி, துணியில் சுற்றி டப்பாவில் வைத்தோம். பங்கில் எம்18 மரை போல்ட் ஒன்றைச் செம்பு வாஷரோடு முடுக்கியாயிற்று. ஜெட் எண், ஸ்க்ரூ சுற்று, மீட்டர் எண், தேதி எல்லாம் மாமா பானெட்டின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதிவிட்டார். அடுத்த முறை ஸ்க்ரூ டிரைவரோடு வரும் மெக்கானிக்குக்கு.